பின்கண்ணாடியில் இருக்கும் உப்பு

கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் வரிசையாக நிற்கும் ஓட்டோக்களைப் பின்பக்கமாகப் பார்த்துக்கொண்டு நடந்தால், எது எத்தனை வயதென்று இலக்கத் தகட்டைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். ஹூட்டின் பின்னுக்குத் தைத்திருக்கும் பிளாஸ்ரிக் சன்னல் காட்டிக்கொடுத்துவிடும். புதியது தண்ணீர் போல இருக்கும்; உள்ளே இருப்பவரின் சேலைக் கரைகூடத் தெரியும். சில வருடம் ஓடியது மோர் போல. அதற்கும் மேலே போனது தேத்தண்ணிச் சாயம். ஓட்டோக்காரர் அதைக் கண்ணாடி என்றுதான் சொல்வார். "கண்ணாடி செத்துப் போச்சு தம்பி, பின்னால வாற பஸ் தெரியேல்லை."

செத்துப்போனது என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. உண்மையான கண்ணாடி உடையும், சாகாது. நூறு வருடப் பழைய வீட்டுச் சன்னல் கண்ணாடியைத் துடைத்தால் இன்றைக்கும் பளிச்சென்று இருக்கும். இந்தப் பிளாஸ்ரிக்கோ வெயிலில் நின்று, மெல்ல மெல்ல வேறொரு பொருளாக மாறிப் போகிறது. அது என்னவாக மாறுகிறது என்று தெரிந்தால்தான் புதியதை எப்படித் தைப்பது, தைத்ததை எப்படிக் காப்பாற்றுவது என்பதும் தெரியும். தையல் வேலை அரை நாள். அதற்குப் பின்னால் இருக்கும் இரசாயனக் கதைக்கு நூற்றைம்பது வயது.

இது ஓட்டோவுக்கு மட்டும் வரும் வியாதி இல்லை. மஸ்டா நிறுவனம் 1989இல் வெளியிட்ட எம்எக்ஸ்-5 என்ற கூரை மடிக்கும் காரிலும் பின்சன்னல் இதே பிளாஸ்ரிக்தான். கூரையை மடிக்க முதல் சன்னலின் சிப்பைத் திறந்து அதைத் தட்டையாகக் கிடத்த வேண்டும். மறந்தால் மடிப்புத் தழும்பு விழும். போர்ஷே பொக்ஸ்ரர் 1996இல் வந்தபோது அதற்கும் பிளாஸ்ரிக் சன்னல். அதை வைத்திருந்தவர்களில் பலர் கூரை பாதி மடியும்போது காரை நிறுத்தி, இறங்கி வந்து, சன்னலின் நடுவில் கையால் ஒரு வெட்டு வெட்டிச் சீராக மடித்துவிட்டுத்தான் மிச்சத்தை மடித்தார்கள். பிறகு இரண்டு கார்களுக்கும் கண்ணாடி வந்துவிட்டது. எங்கள் ஓட்டோவுக்கு வரவில்லை. வளைந்து ஆடும் ஹூட்டில், கிறவல் றோட்டில் குலுங்கும் இரும்புச் சட்டத்தில், கண்ணாடி தாங்காது.

இலங்கையில் பதிவான முச்சக்கர வண்டிகள் 11 இலட்சத்துக்கும் மேல். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறக்க 2025 பெப்ரவரி ஆகிவிட்டது. அந்த ஐந்து வருடம் இருந்ததையே ஒட்டித் தைத்து ஓடிய காலம். வன்னிக்கு இது புதுப் பாடமும் இல்லை. யுத்தத்தின்போது பொருளாதாரத் தடைக் காலத்தில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. இயந்திரம் உயிர்பெற மட்டும் சின்னப் போத்தலில் இருந்து இரண்டு சொட்டுப் பெற்றோல்.

சரி, உப்புக்கு வருவோம்.

சன்னல் பிளாஸ்ரிக்கின் பெயர் பி.வி.சி. பொலிவைனைல் குளோரைட்டு. இதன் சங்கிலி மூலக்கூறில் திரும்பத் திரும்ப வரும் அலகு ஒன்றில் இரண்டு காபன், மூன்று ஐதரசன், ஒரு குளோரீன். எண்ணிக்கையில் குளோரீன் ஒன்றுதான் என்றாலும் நிறையில் அதுதான் பெரியவர்: அலகின் நிறை 62.5, அதில் 35.5 குளோரீனுடையது. சுத்தமான பி.வி.சி.யில் நூற்றுக்கு 57 பங்கு குளோரீன். அந்தக் குளோரீன் வருவது கறியுப்பில் இருந்து. உப்புக் கரைசலுக்குள் மின்னைச் செலுத்தினால் ஒரு பக்கம் குளோரீன் வாயு, மறுபக்கம் ஐதரசன், கரைசலில் கோஸ்ரிக் சோடா.

இந்த வேலை எங்கோ ஐரோப்பாவில் மட்டும் நடந்ததென்று நினைக்க வேண்டாம். ஆனையிறவு உப்பளத்தின் உப்பைக் கொண்டு, அதற்குத் தெற்கே பரந்தனில் இருந்த இரசாயனத் தொழிற்சாலை கோஸ்ரிக் சோடாவும் குளோரீனும் செய்தது. யுத்தம் அதை மூடிவிட்டது. பரந்தனில் செய்தது குடிதண்ணீரைச் சுத்திகரிக்கும் குளோரீன், சவர்க்காரத்துக்கான சோடா. பி.வி.சி. அங்கே செய்யப்படவில்லை. ஆனாலும் உப்பில் இருந்து சன்னலுக்குப் போகிற பாதையின் முதல் பாதியை வன்னி ஒருகாலத்தில் நடந்திருக்கிறது. மிச்சப் பாதி எண்ணெயில் இருந்து வருகிறது. பெற்றோலியத்தில் கிடைக்கும் எதிலீன் வாயுவோடு குளோரீனைச் சேர்த்து வைனைல் குளோரைட்டு என்ற வாயுவாக்கி, அந்த வாயு மூலக்கூறுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் பி.வி.சி.

கோக்கும் வேலையை முதலில் செய்தது வெயில். 1872இல் ஓய்கன் பௌமான் என்ற ஜேர்மன் இரசாயனவியலாளர், கண்ணாடிக் குழாயில் அடைத்திருந்த வைனைல் குளோரைட்டு வெயில் பட்டு வெள்ளைத் திண்மமாக மாறியதைப் பதிவு செய்தார். அந்த வெள்ளைப் பொருளை எதற்கு உபயோகிப்பது என்று ஐம்பது வருடம் யாருக்கும் விளங்கவில்லை. கடினமானது, சூடாக்கினால் உருகுவதற்கு முதலே கருகியது. 1926இல் அமெரிக்காவின் குட்ரிச் றப்பர் நிறுவனத்தில் வால்டோ செமன் என்ற இளைஞர் றப்பரை இரும்போடு ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தார். கொதிநிலை கூடிய ஒரு திரவத்தில் பி.வி.சி.யைப் போட்டுச் சூடாக்கினார். ஆறியபோது கிடைத்தது பசையாக இருக்கவில்லை. இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் களி.

செமன் கண்டுபிடித்ததை நம் சமையலறை மொழியில் சொல்லலாம். அவிக்காத மாவில் எண்ணெய் விட்டுப் பிசைந்தால் எப்படி மாத்துகள்கள் ஒன்றையொன்று வழுக்கி மெதுமையாகிறதோ, அதுபோல நீண்ட சங்கிலிகளுக்கு இடையில் எண்ணெய் போன்ற மூலக்கூறுகள் புகுந்து அவற்றை வழுக்கவிடுகின்றன. இந்த எண்ணெய்க்கு இளக்கி என்று பெயர் வைத்துக்கொள்வோம். இளக்கி இல்லாத பி.வி.சி.தான் எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய். 80 பாகை செல்சியஸ் அளவு சூட்டில்தான் அது இளகும். நிறையில் மூன்றில் ஒரு பங்கு போல இளக்கி சேர்த்தால் அதே பொருள் சாதாரண வெப்பநிலையிலேயே சுருட்டக்கூடிய தாளாகிவிடும். குழாயும் சன்னலும் ஒரே குடும்பம். ஒன்று காய்ந்தது, மற்றது எண்ணெய் குடித்தது.

இளக்கி சங்கிலியோடு பிணைந்திருக்கவில்லை. நடுவில் சும்மா குந்தியிருக்கிறது. அதனால் எழும்பியும் போகும். இதை வன்னிச் சனத்துக்கு நிரூபிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டுக் காவிக்கொண்டு போனோம். வருடங்கள் கழித்து உறையில் இருந்து இழுத்தால், போட்டோப் பிரதியின் கறுப்பு எழுத்து உறையில் ஒட்டிக்கொண்டு வரும். பி.வி.சி. உறையின் இளக்கி கசிந்து மையை இளக வைத்த வேலை அது. ஓட்டோவின் பின்சன்னலில் சாமிப்படமோ வசனமோ ஒட்டினால் கொஞ்சக் காலத்தில் ஸ்ரிக்கரின் பசை கூழாகி வழிவதும் அதே கசிவால்தான்.

இளக்கி வெளியேற வெளியேறத் தாள் விறைக்கும், சுருங்கும், கடைசியில் மடிப்பில் வெடிக்கும். இது ஒரு சாவு. மஞ்சளாவது வேறு சாவு. அதைச் செய்கிறது பௌமானின் குழாய்க்குள் பி.வி.சி.யை உண்டாக்கிய அதே வெயில்.

கிளிநொச்சி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பதரைப் பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும், ஓகஸ்ட் முடியும் தறுவாயிலும் மத்தியானச் சூரியன் சரியாக எங்கள் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். வருடம் முழுக்க அது அதிக தூரம் விலகிப் போவதும் இல்லை. ஆகவே கழியூதாக் கதிர் தாராளம். சங்கிலி குறையில்லாமல் இருந்தால் அந்தக் கதிர் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் செய்யும்போதே, சூட்டில் தாளாக உருட்டும்போதே, அங்கங்கே பழுது விழுந்திருக்கும். அந்த இடம் கதிரை விழுங்கும். ஒரு குளோரீன் கழன்று, பக்கத்து ஐதரசனையும் கூட்டிக்கொண்டு ஐதரசன் குளோரைட்டாக வெளியேறும். விட்டுப்போன இடத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு. இரட்டைப் பிணைப்புக்குப் பக்கத்துக் குளோரீன் முன்னையதைவிட லேசாகக் கழலும். அது கழன்றால் அடுத்தது. ஒரு நூல் அறுந்த சாக்குத் தையல் சரசரவென்று பிரிவது போல. வெளியேறிய அமிலமும் சும்மா இருக்காது. பக்கத்தில் நின்று பிரிவதை ஊக்கப்படுத்தும்.

ஒன்றுவிட்டு ஒன்றாக ஏழெட்டு இரட்டைப் பிணைப்புகள் வரிசைப்பட்டால் அந்தத் தொடர் நீல ஒளியை விழுங்கத் தொடங்கும். நீலத்தை இழந்த வெளிச்சம் கண்ணுக்கு மஞ்சள். தொடர் நீள நீளச் செம்மஞ்சள், கபிலம். பனம்பழத்தைப் பிசைந்தால் கையில் ஒட்டும் அந்தச் செம்மஞ்சளுக்கும் காரணம் இதே வகை அடுக்குத்தான். கரோட்டீனில் பதினொரு இரட்டைப் பிணைப்புகள் இப்படி அணிவகுத்து நிற்கின்றன. பனங்களியில் அதை இயற்கை வேண்டுமென்று கட்டுகிறது. சன்னலில் அது சிதைவின் மிச்சம். ஆகவே மஞ்சளாகிப் போன சன்னலை எதைப் போட்டுத் தேய்த்தாலும் வெளுக்காது. அழுக்கு மேலே இல்லை, மூலக்கூறே மாறிவிட்டது.

மங்கல் மட்டும் என்றால் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. கிறவல் புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் பி.வி.சி.யைவிட மிகக் கடினமானது. காய்ந்த துணியால் துடைக்கும் ஒவ்வொரு தரமும் மணல் ஏர் பூட்டி உழுகிறது. அந்தச் சால்களின் சரிவுகளில் ஒளி கண்டபடி முறிந்து சிதற, தாள் பாலாகிறது. தேங்காய் எண்ணெய் பூசினால் உடனே தெளியும். பலர் செய்து பார்த்திருப்பார்கள். ஒளியை முறிக்கும் அளவில் காற்று 1, தேங்காய் எண்ணெய் 1.45, பி.வி.சி. 1.54. சால்களை எண்ணெய் நிரப்பினால் ஒளிக்கு அங்கே பள்ளம் இருப்பதே பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்தத் தெளிவை நம்ப வேண்டாம். எண்ணெய் காயாமல் கிடந்து புழுதியைப் பிடித்துவைக்கும். அதோடு தாளின் இளக்கியைத் தன் பக்கம் உறிஞ்சும். மண்ணெண்ணெயும் பெற்றோலும் இன்னும் மோசம். தார் போகட்டுமென்று பெற்றோல் துணியால் துடைத்த சன்னல், அன்றைக்குப் பளிச்சென்று இருந்துவிட்டுப் பிறகு தகடாக விறைக்கும். முதலில் தண்ணீரை ஊற்றி மணலைக் கழுவுங்கள். பிறகு சவர்க்கார நுரையும் பருத்தித் துணியும். அவ்வளவு போதும்.

இனித் தாள் வாங்குவது. மேசைக்கு விரிக்கும் பளிங்குப் பிளாஸ்ரிக்கைக் கடையில் மீற்றர் கணக்கில் வெட்டித் தருவார்கள்; விலையும் குறைவு. அது வீட்டுக்குள் இருக்கச் செய்தது. மெல்லியது, வெயிலைத் தாங்கும் சேர்மானம் பெரும்பாலும் இருக்காது. சன்னலுக்குரிய தாள் அரை மில்லிமீற்றர் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலான தடிப்பு. அதில் கழியூதாவை முதலில் விழுங்கிச் சூடாக மாற்றிவிடும் ஒரு பொருளும், வெளியேறும் அமிலத்தைப் பிடித்து அடக்கும் கல்சியம்–நாகம் போன்ற உப்புகளும் கலந்திருக்கும். வாங்கும்போது மடித்துத் தரவிடாதீர்கள். சுருட்டித்தான் கொண்டுவர வேண்டும். மடிப்பு விழுந்த இடத்தின் வெள்ளைக் கோடு பிறகு போகாது.

பொலித்தீன் தாளை வைத்துத் தைத்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. 2009இல் செட்டிக்குளம் முகாம்களில் இருந்தவர்களுக்கு இதன் விடை தோலில் தெரியும். நாலு மீற்றருக்கு ஐந்து மீற்றர் வெள்ளைத் தரப்பாளின் கீழே இருந்தால் வெளிச்சம் வரும், சூடு வரும், உருவம் வராது. நிறமே போடாத பொலித்தீன்கூடத் தடித்தால் பால்தான். அதன் மூலக்கூறுகள் அங்கங்கே அடுக்கடுக்காகப் பளிங்காகின்றன; அந்தப் பளிங்குகளின் ஓரங்களில் ஒளி சிதறுகிறது. பி.வி.சி.யின் சங்கிலிகளில் குளோரீன் முறையில்லாமல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நீட்டிக்கொண்டிருப்பதால் அவை ஒழுங்காக அடுக்கப்படுவது அரிது. ஒழுங்கில்லாமல் இருப்பதால்தான் ஊடாகப் பார்க்க முடிகிறது. கையில் இருப்பது எது என்று சந்தேகம் வந்தால் சின்னத் துண்டைத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கி விடுங்கள். பொலித்தீன் மிதக்கும், பி.வி.சி. தாழும்.

பக்கத்து வீட்டு அண்ணையின் ஓட்டோவுக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த வேலையைச் செய்தோம். அண்ணை வந்ததும் வராததுமாகப் பிளேட்டை எடுத்துப் பழைய சன்னலை வெட்டப் போனார். அதுதான் எல்லாரும் விடும் பிழை. ஹூட் என்பது றெக்சினும் சன்னலும் ஒன்றையொன்று இழுத்துப்பிடித்து உருவாகும் ஒரு வடிவம். சன்னலை வெட்டினால் ஓட்டை வாய் பிளந்து, நாலு மூலையும் நாலு பக்கம் போகும். பிறகு எந்த அளவுக்குப் புதியதை வெட்டுவது? பழையதை இருக்கவிட்டு, அதன் மேல் புதியதைப் போட்டு, சுற்றிவரத் தைத்து முடித்த பிறகே உள்ளே இருந்து பழையதை வெட்டி எடுக்க வேண்டும். செத்த சன்னல் கடைசியாகச் செய்யும் உபகாரம் அது.

குண்டூசி குத்தக் கூடாது. துணியில் குத்தினால் நூல்கள் விலகி மறுபடி சேரும். இந்தத் தாளில் விழுந்த துளை விழுந்ததுதான். கொடியில் உடுப்புக் காயப்போடும் கிளிப்பே போதும். ஹூட்டைக் கழற்றி மெசினில் தைப்பதானால் இன்னொரு தொல்லை: மெசினின் பாதம் பிளாஸ்ரிக்கில் ஒட்டிக்கொண்டு நகராது. மேலே மெல்லிய கடதாசி நாடா ஒன்றை வைத்து அதற்கும் சேர்த்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுத்தால் சரி. தையல் நாலு மில்லிமீற்றருக்குக் குறையாமல் நீளமாக இருக்கட்டும். நெருக்கித் தைத்தால் பலமென்று தோன்றும். உண்மையில் முத்திரைத் தாளில் கிழிப்பதற்குப் போட்ட துளை வரிசை போல ஆகிவிடும். முதல் பெருங்காற்றுக்கு அந்தக் கோட்டோடு கிழியும்.

நாங்கள் ஹூட்டைக் கழற்றவில்லை. நெல்லுச் சாக்குத் தைக்கும் ஊசியை எடுத்து, அண்ணை வெளியே, நான் சீற்றுக்குப் பின்னால் உள்ளே. பழைய தையல் போன துளைகளிலேயே ஊசியை விட்டு, ஒருவர் குத்த மற்றவர் இழுத்து எடுத்தோம். நூல் பொலியெஸ்டர். பருத்தி நூல் நனைந்தால் பருத்துத் துளையை அடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு மாரியில் உக்கிவிடும். நைலோன் வெயிலுக்கு நிற்காது.

"ஏன் தம்பி இந்த வெயிலுக்கை வைச்சுத் தைக்கிறீர்? மாமரத்துக்குக் கீழே விடுவமே?" என்றார் அண்ணை, பதினொரு மணிக்கு. உள்ளே குனிந்து வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்த எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் காரணத்தோடுதான் வெயிலில் விட்டேன். 80 சென்ரிமீற்றர் அகலத் தாள் 30 பாகை சூடேறினால் மூன்று மில்லிமீற்றருக்கு மேலேயும் நீளலாம். அதைத் தாங்கும் இரும்புச் சட்டமோ அதே சூட்டுக்கு அரை மில்லிமீற்றர்கூட நீளாது. குளிர்ந்த காலையில் இறுக்கித் தைத்தால் மத்தியானம் தாள் தொய்ந்து அலையடிக்கும். சூட்டில், நீண்டு இளகியிருக்கும்போது தைத்தால் பின்னேரம் சுருங்கித் தானாக விறைத்து நிற்கும்.

மேல் ஓரத்திலும் பக்கங்களிலும் றெக்சின் வெளியே, சன்னல் உள்ளே. கீழ் ஓரத்தில் மட்டும் மாற்றி, சன்னலை றெக்சினுக்கு வெளியே விட்டோம். இது எந்தக் கைநூலிலும் இருந்து வந்ததில்லை. கிடுகு வேய்ந்தவர்களுக்கு மேல் வரிசை கீழ் வரிசைக்கு மேலால் வர வேண்டுமென்று சொல்லித் தரத் தேவையில்லை. கீழேயும் றெக்சினை வெளியே விட்டால் அந்த விளிம்பு ஒரு பீலியாகி, வழிந்து வரும் தண்ணீரைப் பிடித்துத் தையலுக்குள் அனுப்பும்.

பின்னேரம் நாலு மணிக்குப் பழைய தாளை வெட்டி எடுத்தோம். தொட்டால் மொறுமொறுத்தது. அதை அடுப்படிக் குப்பையோடு கொளுத்தப் போனவரை மறித்தேன்: உள்ளே இன்னும் இருக்கும் குளோரீன் எரியும்போது அமிலப் புகையாக வரும், டையொக்சின் என்ற நஞ்சும் கூடவே உண்டாகலாம். கோழிக்கூட்டின் காற்றுப் பக்கத்துக்கு அது தட்டியாகப் போனது.

மாரிக்கு இன்னும் நாள் கிடந்தது. அண்ணை பொறுக்கவில்லை. கிணற்றடியில் இருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து ஹூட்டுக்கு மேலால் ஊற்றினார். நான் உள்ளே இருந்து பார்த்தேன். மேல் ஓரம் காய்ந்திருந்தது. வலப்பக்க மூலையில், இரண்டு தரம் ஊசி போன இடத்தில், ஒரு துளி கட்டி, பெருத்து, சீற்றில் விழுந்தது. பொலியெஸ்டர் பருக்காது, துளையை நாங்கள்தான் அடைக்க வேண்டும். அண்ணை வீட்டுக்குள் போய் ஒரு மெழுகுதிரித் துண்டைக் கொண்டுவந்து, தையல் வழியே வெளியால் அழுத்தித் தேய்த்துக்கொண்டு போனார். வெயில் சூடு இன்னும் றெக்சினில் இருந்தது; மெழுகு இளகி நூலுக்குள் இறங்கியது. இரண்டாவது வாளிக்கு ஒழுகவில்லை.